யாரும் பார்க்க வராத வார்டு

உங்களில் பலர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். எழுந்து ஓட வழியில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அடுத்த சில நாட்களில் அந்த மாதிரிக் காப்பகங்களை அரசு மூடியது. அங்கிருந்த 500-க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் யாரும் மனுப் போடக் காத்திருக்காமல் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. இப்படிப்பட்ட இடம் நடத்த உரிமம் வேண்டும் என்று 1987-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அந்தச் சட்டம் ஏர்வாடி வரைக்கும் போய்ச் சேர 28 உயிர் போக வேண்டியிருந்தது. அந்த நாட்களில் டீக்கடை, பஸ், கல்யாணப் பந்தி, எங்கே போனாலும் ஒரே பேச்சு. பெற்ற பிள்ளையைச் சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு ஊர் திரும்ப எப்படித்தான் மனசு வந்தது? இவர்களெல்லாம் பெற்றவர்களா?

நான் அப்போது திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தேன். அந்தக் கேள்வியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காரணம், அந்தப் பெற்றவர்களை எனக்குத் தெரியும். ஏர்வாடிக்குப் போனவர்களைச் சொல்லவில்லை. போவதற்கு முந்தின கட்டத்தில், போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தவர்களைச் சொல்கிறேன். அவர்கள் என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்றை மத்திய அரசு 1996-ல் தொடங்கியபோது, நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை வரை ரயில் ஏறாமல், குறிப்பிட்ட கிழமையில் மனநல மருத்துவர் நம் ஊர் ஆஸ்பத்திரிக்கே வருவார், மாத்திரையும் இங்கேயே கிடைக்கும் என்பது ஏற்பாடு. அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் வருவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வந்தவர்களில் பலர் இரண்டு பஸ் மாறி வேறு தாலுகாவிலிருந்து வந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களோ அதே மாத்திரைக்காகப் பெரம்பலூருக்கும் புதுக்கோட்டைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் பஸ்ஸும் அந்த ஊர் பஸ்ஸும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்கும். எல்லாம் தெரிந்த முகம் பார்த்துவிடக் கூடாது என்ற ஒரே பயத்துக்காக.

சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர் வரிசையிலேயே நின்று, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று முன்னால் நிற்பவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். மனநலக் கிழமையில் அந்த வரிசை பேசாது. சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்ட ஓர் அம்மா என்னிடம் குனிந்து, "சார், அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு மாத்திரையை மட்டும் காயிதத்துல மடிச்சுக் குடுங்க. சத்து மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்பார். பெயர் தெரியாத மாத்திரையை அப்படிக் கொடுப்பது ஆபத்து என்று சொன்னால் அவர் கண் கலங்கும். மாத்திரையின் ஆபத்து அவருக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த வீட்டின் ஆபத்து அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த மாத்திரைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெருவில் இருக்கிற யாருக்கும் இது தெரியாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஹாலோபெரிடால், குளோர்ப்ரோமசின் மாதிரியான பழைய மருந்துகள், காதில் கேட்கும் குரல்களை அடக்கும், சந்தேகத்தைத் தணிக்கும். கூடவே கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை மாறும், வாயோரம் எச்சில் வழியும். சிலருக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. எழுந்து எழுந்து நடப்பார்கள். அந்த நடுக்கத்தைக் குறைக்க ட்ரைஹெக்சிபெனிடில் என்று இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடுப்போம். புதிதாக வந்த மருந்துகளில் நடுக்கம் குறைவு, ஆனால் ஒலன்சபின் போன்றவற்றில் உடம்பு சட்டென்று பெருக்கும், தூக்கம் அமுக்கும். இதையெல்லாம் தெரு எப்படிப் படிக்கும்? "பாரு, கை எப்படி ஆடுது. முழுசா முத்திப்போச்சு." நோய் அடங்கி, மனிதர் தெளிந்து, வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற நேரத்தில், மருந்தின் அடையாளத்தைப் பைத்தியத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். காலை பத்து மணி வரை தூங்கினால் சோம்பேறி என்று ஒரு பட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இதனால் என்ன நடக்கும் என்பதை என் ஜன்னலிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். தை மாதமும் வைகாசியும் வந்தால் மாத்திரை வாங்க வருகிறவர்கள் குறைவார்கள். முகூர்த்த மாதங்கள். அக்கா கல்யாணம், சித்தப்பா மகன் கல்யாணம், உறவெல்லாம் வீட்டில் வந்து தங்கும். நாலு பேர் பார்க்க மாத்திரை போட்டுக்கொள்ள முடியாது. நடுங்குகிற கையால் பன்னீர் தெளிக்க முடியாது. "கல்யாணம் முடியட்டும், ஒரு மாசந்தானே" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் முதல் சில வாரம் நன்றாகவே இருக்கும். நடுக்கம் போகும், முகம் தெளியும். நிறுத்தினது நல்லதாயிற்று என்றுகூடத் தோன்றும். பிறகு தூக்கம் கெடும், பழைய சந்தேகம் முளைக்கும், ஆடி வரும்போது வீட்டில் ரகளை. அதற்குப் பிறகு வருகிற தாய் தகப்பனிடம் பேச்சே இருக்காது. அவர்களில் ஒருவர் யாரோ சொன்ன ஏதோ ஒரு தர்காவின், கோயிலின், ஆசிரமத்தின் பெயரைச் சொல்லி, அங்கே விட்டால் குணமாகுமா என்று கேட்பார்.

சங்கிலி அங்கே தொடங்குகிறது. வீட்டில் ஒரு நோயாளி, கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு தங்கை, வீட்டைக் காலி செய்யச் சொல்கிற ஒரு வீட்டுக்காரர், சண்டையில் அந்தப் பையனைச் சுட்டிக்காட்டிப் பேசுகிற பக்கத்து வீடு. ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாகத் தெரியும். எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் முதுகை முறித்துவிடும். ஏர்வாடியில் பூட்டுப் போட்டவர் யாரோ ஒருவர். அந்தப் பூட்டு வரைக்கும் அந்தக் குடும்பத்தைத் தள்ளிக்கொண்டு போனதில் அந்தந்த ஊரின் தெருக்களுக்கு எவ்வளவு பங்கு என்று எந்த விசாரணைக் கமிஷனும் எழுத முடியாது. நான் இதை இத்தனை வருடம் கழித்தும் சொல்லக் காரணம் அதுதான். குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். தெருவைச் சொல்வேன். தெரு என்றால் நீங்களும் நானும்.

கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டேன், அதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில் இது உங்களைத் தொடப்போகிற விஷயம்.

"ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிடும்." இந்த ஒரு வாக்கியம் கெடுத்த வாழ்க்கைகளுக்குக் கணக்கே இல்லை. நோயை மறைத்துக் கல்யாணம் செய்வார்கள். மாமியார் வீட்டில் மாத்திரை போட முடியாது. பிள்ளைப்பேறு, தூக்கமில்லாத இரவுகள், நோய் திரும்பும். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் மருத்துவர் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும், மனச்சிதைவு நோய் வந்து கணவன் வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட பெண்களைச் சந்தித்துப் பேசி 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முறையாகச் சட்டப்படி பிரிந்தவர்கள் அவர்களில் அபூர்வம். பெரும்பாலோரைச் சும்மா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஜீவனாம்சம் இல்லை. வயதான தாய் தகப்பன் கையில் மறுபடியும். அந்தப் பெண்களையும் அவர்கள் வீட்டாரையும் மிகவும் வதைத்தது நோயைப் பற்றிய இழிபேச்சு என்று நாம் எண்ணுவோம். அவர்கள் சொன்னது வேறு: வாழாவெட்டி என்கிற இழிபேச்சு அதைவிட அதிகமாகக் குத்தியது. இரண்டையும் பேசியது ஒரே தெருதான்.

ஆண்களுக்கும் இதே நோய் வருகிறது. கணவனுக்கு நோய் என்றால் "நீதான் பொறுத்துப் போகணும்மா" என்று மனைவிக்குப் புத்தி சொல்கிற பெரியவர்கள், மனைவிக்கு நோய் என்றால் "பாவம், அவன் வாழ்க்கை என்னாகிறது" என்பார்கள். என் வயதுக்காரர்களை நான் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். உங்கள் தலைமுறையில் இது ஒழியட்டும்.

பெண்ணோ பையனோ, கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் நேரில் பேசும்போது நோயைச் சொல்லிவிடுவது நல்லது. யார் சொல்வது? நோய் உள்ளவரே சொல்லட்டும், அவருக்குச் சம்மதமான நேரத்தில், அவர் வார்த்தையில். என்ன மாத்திரை, எத்தனை நாளாக, கடைசியாக எப்போது முடியாமல் போனது, முடியாமல் போனால் என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்து நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டமும் அவ்வளவு கொடுமையானதில்லை. மனச்சிதைவு என்று நோய்க்குப் பெயர் வைத்துவிட்டதாலேயே விவாகரத்துக் கொடுத்துவிட முடியாது, அந்த நோய் அந்த மனிதரிடம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் உங்களிடம் விசாரிக்க வந்தால், "அந்த வீட்டுல ஒருத்தருக்கு..." என்று இழுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது அரைகுறை. நோயுள்ளவருடைய தங்கையின் ஜாதகத்துக்கு அது சம்பந்தமே இல்லாத விஷயம். "அவங்களையே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். அந்த ஒரு பதிலில் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்காமல் போகும். அவள் அண்ணன் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிடுவான்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் நான் விரோதி இல்லை. மருந்து கொடுத்தே பிழைத்தவன் இப்படிச் சொல்வது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஏர்வாடித் தீ நடந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், 2002 ஜூலையில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. அதுவும் தமிழ்நாட்டைப் பற்றியதுதான். வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கவைக்கப்பட்ட 31 மனநோயாளிகளை, பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ஆர். ரகுராமும் உடனிருந்தவர்களும் வந்த நாளிலும் போகிற நாளிலும் சோதித்துப் பார்த்தார்கள். நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே மந்திரமோ மருந்தோ பெரிதாக ஒன்றும் இல்லை. கூடவே வீட்டு மனிதர் ஒருவர் தங்குவார். காலையில் பூஜை. பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரிச் சின்ன வேலைகள். யாரும் விரட்டுவதில்லை, முறைப்பதில்லை. பயமில்லாத ஓர் இடத்தில் வைத்துத் தாங்கியதுதான் அந்த மாற்றத்துக்குக் காரணமாக இருக்கும் என்று எழுதினார்கள்.

மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குப் போங்கள் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தேறின அந்த மனிதர்கள் பிறகு திரும்பிப் போவது வீட்டுக்கும் தெருவுக்கும்தானே. நான் இந்த ஆய்வைச் சொல்வதற்குக் காரணம் வேறு. விரட்டாமல், முறைக்காமல், சின்ன வேலை கொடுத்து, சொந்த மனிதரோடு இருக்கவிட்டாலே நோயின் வேகம் இவ்வளவு குறையும் என்றால், அது நம் தெருக்களுக்கு வாய்க்காததா? அதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம், அரசாணை வேண்டாம். குணம் தேடி மக்கள் போகிற ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு அரசு மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடு வந்தது. துவாவும் நடக்கும், மருந்தும் நடக்கும். மக்கள் எங்கே போகிறார்களோ அங்கே மருத்துவம் போக வேண்டும் என்பது சரியான புத்தி.

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், பார்க்க வருகிற கூட்டத்தை நர்ஸ் விரட்ட வேண்டியிருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டில், ரொட்டி, சாத்துக்குடி கட்டிலுக்கு அடியில் குவியும். பேசாத பங்காளிகூட அன்றைக்கு வந்துவிடுவான். நம் ஜனங்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. மனநல வார்டில் கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. யாரும் வருவதில்லை. திரும்பி வீட்டுக்கு வந்த பிறகும் வருவதில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பார்கள். குடலிறக்கத்தைப் பற்றி மட்டும் என்ன தெரிந்து பேசினார்கள்? மழை, கிரிக்கெட், தக்காளி விலை என்றுதானே பேசிவிட்டு வந்தார்கள்? அதையே இங்கேயும் பேசலாம். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போங்கள். "எப்படி இருக்கே, தூக்கம் வருதா, சாப்பாடு பிடிக்குதா" என்று கேளுங்கள். அவரிடமே கேளுங்கள். அவர் தலைக்கு மேலாக அவர் அம்மாவிடம் கேட்காதீர்கள்.

இந்தக் கடைசி விஷயம் உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் அப்படியே பொருந்தும். எங்கள் மருந்து ஜன்னலுக்கு இரண்டு படி ஏற வேண்டும். சிறு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பின ஒருவர் மூன்று சக்கர வண்டியில் வருவார். படிக்குக் கீழே நின்று சத்தமாகச் சீட்டைப் படிப்பார். வரிசையில் இருப்பவர்கள், "கூட ஆளை அனுப்பினா என்ன?" என்பார்கள். அவருக்குக் கூட ஆள் தேவையில்லை. அவருக்குச் சொந்தமாகத் தையல் கடை இருந்தது, ஊரில் பாதிப் பேரின் அளவு அவர் தலைக்குள் இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் தரைமட்டத்தில் ஒரு மேஜை. கீழே ஒரு மேஜை போட்டோம். முதியவர்கள், கர்ப்பிணிகள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் அந்த மேஜைக்கு வர ஆரம்பித்தார்கள். போலியோவை இந்தியா ஒழித்துவிட்டது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. உங்கள் தலைமுறையில் அந்தக் கால்களைப் பார்க்க மாட்டீர்கள். படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினபோது நாடே கைதட்டியது. நானும் தட்டினேன். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஏறி நசுங்கின கால் அவருடையது. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்களைப் பற்றி மேடையில் பேசும்போது மனவலிமை, தன்னம்பிக்கை என்று நிறையச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எல்லா ஊனமுற்றவரும் ஏதாவது ஒன்றைச் சாதித்துக் காட்டினால்தான் நாம் மரியாதை கொடுப்போம் என்பது என்ன நியாயம்? இரண்டு காலும் உள்ள நம்மில் எத்தனை பேர் உயரம் தாண்டினோம்? சாதாரணமாகப் பஸ் ஏறி, சாதாரணமாக வேலைக்குப் போய், சாயங்காலம் டீ குடித்துவிட்டு வீடு திரும்புகிற வாழ்க்கைதான் பெரும்பாலோர் கேட்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் 2.68 கோடிப் பேருக்கு ஊனம் என்று பதிவாகியிருக்கிறது. அவ்வளவு பேரும் நம் கண்ணில் படவே இல்லையே, ஏன்? பஸ் படிக்கட்டும் சினிமாக் கொட்டகை மாடிப்படியும் அவர்களை வீட்டுக்குள் உட்காரவைத்திருக்கின்றன.

சட்டங்கள் இப்போது பரவாயில்லை. 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனம் மட்டும் இருந்தது. 2016 சட்டத்தில் 21 வகை. மனநோயும் அதில் ஒன்று. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு. 2017 மனநலச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது எந்த விதத்திலும், எந்த முறையிலும் கூடாது என்று தடுத்துவிட்டது. உடம்பு நோய்க்கு உள்ள மாதிரி மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு உதவுவது அரசின் கடமை என்கிறது. 2019-ல் தொழுநோயை விவாகரத்துக் காரணங்களிலிருந்து நீக்கினார்கள். அது வரைக்கும் இருந்தது என்பதே வெட்கம்.

2017 சட்டத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறு ஒரு பிரிவு. நன்றாக இருக்கும்போதே ஒருவர் எழுதி வைத்துவிடலாம்: எனக்கு நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று. முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று அதற்குப் பெயர். நோயாளியையே கேள் என்று நாடாளுமன்றம் சொல்லியிருக்கிறது. என் காலத்தில் நோயாளியைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்போம். மாமாவைக் கேட்போம், ஜோசியரைக் கேட்போம். அவர் ஓரமாக உட்கார்ந்து தன்னைப் பற்றி நடக்கும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பெற்றவர்களின் கவலை இதிலிருந்து கொஞ்சம் வேறு. "எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யார்?" என்பதுதான் அவர்களுடைய தூக்கத்தைக் கெடுக்கிற ஒரே கேள்வி. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டப்படியான பாதுகாவலரை நியமித்துக் கொடுக்கும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் தெருவில் அப்படி ஓர் அம்மா இருந்தால், கலெக்டர் ஆபீஸுக்கு நீங்கள் கூடப் போங்கள். விண்ணப்பம் நிரப்புவதும் நகல் எடுப்பதும் உங்களுக்குச் சுலபம். அவருக்கு அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு அரை நாள் வரிசையில் நிற்க முடியாது.

வேலை கொடுப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் சொன்னதெல்லாம் பாதிதான். மருத்துவர் சாரதா மேனன் 1961-ல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பொறுப்புக்கு வந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984-ல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கியதும் அவர்தான். நோய் தணிந்தால் போதாது, நோயாளி சம்பாதிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கீழ்ப்பாக்கத்தில் நோயாளிகள் ரொட்டி சுடுவது அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான். எங்கள் பக்கம் துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறை. அங்கே பிரஸ் மெஷினில் இருந்த இளைஞருக்கு நோய் வந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது முதலாளி அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை. மாத்திரை தூக்கத்தில் பிரஸ்ஸில் கை போய்விடும் என்பதால், பொருளை அளந்து பார்க்கும் இடத்துக்கு மாற்றினார். காலை ஷிப்டை மதிய ஷிப்டாக்கினார். அந்த இளைஞர் மாதம் தவறாமல் என் ஜன்னலுக்கு வந்தார், பட்டறைச் சட்டையிலேயே வந்தார், மாத்திரை அட்டையை எல்லாரும் பார்க்கச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். என் சர்வீஸில் அட்டையைக் கிழிக்கச் சொல்லாத மிகச் சிலரில் அவர் ஒருவர். முதலாளிக்கு அவர் நோயின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஷிப்டை மாற்ற அது தெரிய வேண்டியதில்லை.

நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே போகவில்லை. டாக்டர் பற்றாக்குறை ஒரு காரணம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வந்தார், மாத்திரை இலவசம், அப்படியும் ஜனங்கள் இரண்டு பஸ் மாறித்தான் போனார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கே ஏதாவது என்றால் அந்த இரண்டு பஸ்ஸை ஏறாதீர்கள். 14416 என்று ஓர் இலவச எண் இருக்கிறது, எந்நேரமும் பேசலாம். தூக்கம் போய், எதிலும் பிடிப்புப் போய், செத்துவிடலாம் போல இருந்தால் பேசுங்கள். பரீட்சை முடியட்டும், இன்டர்வியூ முடியட்டும் என்று ஒத்திப் போடாதீர்கள்.

கடைசியாக, வீடு கொடுப்பதைப் பற்றி. 1993-ல் சென்னையில் இரண்டு இளம் பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும், மனம் பேதலித்துத் தெருவில் திரிந்த ஒரு பெண்ணைப் பார்த்து அவளைச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் தேடினார்கள். யாரும் ஏற்கவில்லை. அவர்களே ஓர் இடம் தொடங்கினார்கள். அதுதான் பான்யன். அப்போது அவர்களுக்குக் கிட்டத்தட்ட உங்கள் வயது. அங்கே தேறின பெண்கள் பலர் வீடு திரும்பினார்கள். வீடு ஏற்காத பெண்களும் இருந்தார்கள், வருடக்கணக்காக. குணமான பிறகும் காப்பகத்திலேயே கிடப்பதா? 2015-ல் வேறு வழி கண்டார்கள். சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடு பிடித்து, நான்கைந்து பேர் சேர்ந்து குடித்தனம் நடத்த வைத்தார்கள். உதவிக்கு ஓர் ஆள். மற்றபடி சமையல், கடைகண்ணி, ரேஷன், கோயில், பக்கத்து வீட்டோடு பேச்சு எல்லாம் அவர்களே.

இந்த ஏற்பாடு நிற்பது வீடு கொடுக்கிறவர்களை நம்பித்தான். இன்னும் பத்து வருடத்தில் உங்கள் ஊர் வீடுகள் உங்கள் கைக்கு வரும். நீங்கள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பீர்கள், புரோக்கர் போன் செய்வார். இப்படி நான்கு பெண்கள் கேட்கிறார்கள், தெருவில் ரெண்டு பேர் ஆட்சேபம் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்பார். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் வசதி எப்படி, எந்தத் தேதிக்குக் குடி வருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆட்சேபம் சொன்ன இரண்டு பேரிடம் நீங்களே போன் போட்டுப் பேசுங்கள்.